அம்மா பக்கம் போன மணி

நான் ஒரு மணியை ஓட்டுகிறேன் என்று அம்மா, தான் சமைக்கும் ராஜா அண்ணாமலைபுரத்து வீடுகள் மூன்றிலும் சொல்லி வைத்திருந்தாள். அது என்ன மணி என்று அவள் பார்த்ததில்லை. எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். அந்தப் பெருமையை நான் மறைப்பதில்லை. தரமணியில் எங்கள் ஆய்வுக்கூடத்தைக் குடும்பத்தினர் வந்து பார்க்கலாம் என்று அறிவித்த சனிக்கிழமை, அவளைப் பறக்கும் ரயிலில் கூட்டிப் போனேன். அவள் கண்ணெதிரே மணி என் சொல் கேட்க வேண்டும். எனக்கு வேண்டியிருந்தது அவ்வளவுதான்.

மணி என்றால் தலைமுடியின் பருமனில் பத்தில் ஒரு பங்கு. இரும்புத் துகள் கலந்த உருண்டை, ஒரு சொட்டுத் தண்ணீருக்குள் கிடக்கும். சுற்றிலும் நான்கு சின்ன மின்காந்தங்கள். எதில் மின்சாரம் கூடுகிறதோ அந்தப் பக்கம் நகரும். அடியில் உள்ள கண்ணாடியில் ஒட்டிவிடாதபடி மின்புலம் ஒன்று அதைத் தூக்கிப் பிடித்துக்கொள்ளும்.

"திரைல பாரும்மா."

"டிவில இன்னா வேணா காட்டுவானுங்க. நான் இதுலயே பாக்கறேன்" என்று நுண்ணோக்கியின் மேல் குனிந்தாள். "இன்னாடி, கறுப்பா ஒரு புள்ளி கீது. இதுக்கா இத்தினி வருசமா படிச்சிகினு கீற?"

"இப்ப உனக்கு எதிர்ப்பக்கம் போவும் பாரு" என்று காந்தங்களை இயக்கும் பிடியைத் தள்ளினேன்.

போகவில்லை. நேராக அம்மா நின்ற பக்கம் வந்தது. மறுபடி தள்ளினேன்.

"ஏய், எங்கிட்டதான் வந்துகினு கீது!"

அடுத்த மேசைத் தோழிக்குக் கொண்டாட்டம். "ஆன்ட்டி, மணிக்கு உங்களத்தான் புடிச்சிருக்கு. இவ பேச்ச யாரு கேப்பா?"

இழுவை போதவில்லை என்று நினைத்தேன். நான்கு காந்தங்களுக்கும் மின்சாரத்தைக் கூட்டினேன். டக்கென்று ஒரு சத்தம்.

"ஐயோ, கழுத்த இழுக்குதுடி!"

தாலிக் கயிறு வெளியே தொங்கி, அதில் அவள் எப்போதும் கோத்து வைத்திருக்கும் ஊக்குகள் ஐந்தும் காந்தத்தில் ஒட்டிக்கொண்டிருந்தன. காந்தப்புலத்தைத் தன் பக்கம் வளைத்தது அந்த இரும்புதான். இதுவரை வந்த எல்லோரும் திரையைத்தான் பார்த்தார்கள். யாரும் இப்படிக் குனிந்ததில்லை. மின்சாரத்தை நிறுத்தினேன். அம்மா ஊக்குகளை ஒவ்வொன்றாகக் கழற்றித் தோழியின் கையில் கொடுத்தாள்.

"தொலைச்சிடாத, கண்ணு. பிளவுஸ் கொக்கி போனா அதான் மானத்தக் காப்பாத்தும்."

பிறகு மணி நான் சொன்ன இடமெல்லாம் போனது. வலம், மேல், இடம், கீழ். அச்சடித்தது போல ஒரு சதுரம். அம்மா கண்ணை எடுக்கவே இல்லை. முடிந்ததும் என் கையிலிருந்த பிடியை வாங்கித் தானும் ஒன்று போட்டாள். கோணல் சதுரம்தான். ஆனாலும் தொடங்கிய இடத்துக்கே கொண்டுவந்து நிறுத்திவிட்டாள்.

திங்கட்கிழமை ஆய்வுக்கூடக் கதவில் இருந்த விதிகளோடு புதிதாக ஒன்று சேர்ந்திருந்தது: ஊக்கு, சாவி முதலியவற்றைக் கழற்றிவிட்டுக் குனியவும். வீட்டுக்கு வந்து சொன்னேன்.

"எம்பேர் போட்டுக்கீதா?"

"இல்லம்மா."

"பரவால்ல, சொல்லிக்கலாம்."

சொல்லியும் விட்டாள். இப்போது அந்த மூன்று வீடுகளிலும் கதை இப்படித்தான் ஓடுகிறது: மகள் ஓட்டுகிற மணி, முதலில் அம்மா கூப்பிட்டுத்தான் வந்ததாம்.