டெல்மர் ஹாட்சின் மடக்குப் பெட்டி

எங்கள் மூவரில் அசடு என்று பெயர் வாங்கியவன் டெல்மர் ஹாட்ச். பெயர் வைத்தது கார்வின். அதை ஊர் முழுக்கப் பரப்பியது நான். உருளைக்கிழங்குக் கிடங்கில் இருபது வருஷம் மூட்டை தூக்கி முதுகைக் கெடுத்துக்கொண்டவன் டெல்மர். குனிந்தால் நிமிர்வதற்கு இன்னொருவர் கை வேண்டும். பெரும்பாலும் அது அவன் மனைவி நெல்டாவின் கையாக இருக்கும். அதற்கும் நாங்கள் சிரிப்போம்.

ஸ்நேக் ஆற்று வளைவு ஒன்றில் தங்கம் எடுக்கும் உரிமைப் பத்திரம் எங்கள் மூவர் பெயரிலும் இருந்தது. இந்த ஆற்றில் தங்கம் கட்டியாகக் கிடைக்காது. மாவாகத்தான் கிடைக்கும், கறுப்பு மணலோடு ஒட்டிக்கொண்டு. மணலைக் கழுவித் தங்கத்தைப் பிரிக்கும் அலசுபெட்டிக்குள் தண்ணீர் கொஞ்சம் வேகமாக ஓடினால் மணலோடு தங்கமும் ஆற்றுக்கே திரும்பிப் போய்விடும். எண்ணெய் பட்டாலோ தொலைந்தது. தங்க மாவு மூழ்காமல் தண்ணீர் மேலேயே மிதந்து போகும். அதனால்தான் மணல் அலசும் புதுத் தட்டு வாங்கினால் முதலில் நெருப்பில் காட்டி எண்ணெய்ப் பசையை எரிப்போம். சாப்பிட்ட கையோடு பெட்டியைத் தொடுகிறவனை இங்கே யாரும் மனிதனாக மதிப்பதில்லை.

எங்களுக்குள் ஒரு வழக்கம் உண்டு. ஆகஸ்டு கடைசிச் சனிக்கிழமை, பத்திரத்தைப் புதுப்பிக்கும் முன்பு, ஒரே குழியிலிருந்து ஆளுக்குப் பத்து வாளி மணலை அவரவர் பெட்டியில் அலச வேண்டும். அடுத்தடுத்து இரண்டு வருஷம் யார் கடைசியாக வருகிறானோ அவன் பெயர் பத்திரத்திலிருந்து போய்விடும். சோம்பேறியைக் கழற்றிவிட நாங்களே ஏற்படுத்திய வழக்கம் அது. டெல்மர் சோம்பேறி இல்லை. அவனுடைய இரும்புப் பெட்டி கனம். நல்ல நீரோட்டம் இருக்கும் இடம் வரை அவனால் அதைச் சுமக்க முடியாது, மூச்சு வாங்குகிற இடத்தில் இறக்கிவிடுவான். ஒரு வருஷம் அவன்தான் கடைசியாக வந்தான், அடுத்த வருஷமும் அப்படி வந்தால் பெயர் போய்விடும். கார்வினுக்கு ஒரு மருமகன் இருந்தான், வேலைவெட்டி இல்லாதவன். காலியாகப்போகும் இடத்தைக் கார்வின் அப்போதே அவனுக்குப் பேசி வைத்துவிட்டான்.

ஆறு தவிர டெல்மருக்கு வேறு போக்கிடம் கிடையாது. வேலை போய்விட்டது, பிள்ளை இல்லை. அந்தக் குளிர்காலம் முழுக்க அவன் வீட்டை விட்டு வெளியே வரவில்லை. பழைய அலுமினியத் தகட்டில், நடுவில் கீல் வைத்து இரண்டாக மடக்கும் பெட்டி ஒன்று செய்தான். தண்ணீரை நிறைய வாங்கிக்கொள்ள வாயை அகலமாக்கினான். இரும்புக் குறுக்குக் கம்பிகளைத் தூக்கிப்போட்டுவிட்டு, லாரியின் ரப்பர் மிதியடியை அறுத்து, அதில் மெல்லிய வரிகளைச் சூட்டுக்கோலால் இழுத்தான். அடியில் பாசி மாதிரி அடர்ந்த விரிப்பு. சரிவைக் கூட்டவும் குறைக்கவும் நான்கு கால்கள், திருகு வைத்தது.

தங்கத்துக்குப் பதிலாகத் தூண்டில் ஈயத்தைச் சுத்தியலால் தட்டிச் செதிலாக்கி, சிவப்புச் சாயம் பூசி, குளியல் தொட்டியில் வைத்து அலசிப் பார்த்தானாம். ஐம்பது போட்டால் முதலில் முப்பது திரும்பி வந்தது. வசந்தத்துக்குள் நாற்பத்தெட்டு. எண்ணியது நெல்டா. தன் பழைய டெனிம் பாவாடையை வெட்டி, பெட்டியை மாட்டிக்கொள்ளத் தோள்வார் தைத்ததும் அவள்தான். மூன்று மாதம் வாளியில் வெந்நீர் எடுத்துக் குளித்தோம் என்று என்னிடம் சொல்லிச் சிரித்தாள். அந்தப் பெட்டியைத் தூக்கிப் பார்த்தேன். எனக்கு வயிறு எரிந்தது. அதை மறைக்கப்போவதில்லை.

அந்த ஆகஸ்டுக் கடைசிச் சனிக்கிழமை காலை ஆற்றங்கரையில் நெல்டாதான் எல்லோருக்கும் பன்றிக்கறி வறுத்தாள், என்னுடைய வாணலியில். முடித்ததும் சோப்பும் மணலும் போட்டு மூன்று தடவை கை கழுவினாள். பக்கத்தில் நின்று பார்த்தேன். இரண்டு கையையும் என் முகத்துக்கு நேரே நீட்டினாள்.

"பாத்துக்கோ வெர்ன். பிரசவம் பாக்கப் போற டாக்டர் கை."

பிறகு அவர்கள் இருவரும் மணல் வாளி எடுக்கக் குழிப் பக்கம் போனார்கள். பெட்டி தண்ணீரோரம் தனியாக இருந்தது. கார்வின் என்னைப் பார்த்தான். வாணலியை நான்தான் எடுத்துக் கொடுத்தேன். கொழுப்பில் துணியை நனைத்து, பெட்டியின் வாயிலும் ரப்பர் வரிகளிலும் கார்வின் நிதானமாகத் தேய்த்தான். கிண்டலுக்குத்தான், கடைசியில் சொல்லிவிடலாம் என்று நான் நினைத்தேன். அப்படித்தான் நினைத்தேன் என்று இப்போதும் சொல்லிக்கொள்கிறேன்.

டெல்மர் அன்று ஆற்றின் நல்ல ஓட்டத்தில் நின்றான், அவன் வாழ்க்கையிலேயே முதல் தடவையாக. பத்து வாளியும் முடிந்தது. தட்டில் மிஞ்சியது ஒரு சிட்டிகைகூட இல்லை. விரலால் ரப்பரைத் தடவினான், மோந்து பார்த்தான். எங்கள் பக்கம் திரும்பவே இல்லை. நேராக நெல்டாவைப் பார்த்தான்.

"கறி வறுத்த கையோட பெட்டியத் தொட்டியா?"

"கழுவினேன் டெல். சத்தியமா கழுவினேன்."

"இந்த ஒரு நாள். இந்த ஒரு நாளாவது சுத்தமா இருந்திருக்கக் கூடாதா உன் பீத்தக் கை?"

வெர்ன் பார்த்தான், அவனைக் கேள் என்று அவள் என் பக்கம் திரும்பினாள். கார்வின் என் காலை மெதுவாக மிதித்தான். நான் குனிந்து என் தட்டை அலச ஆரம்பித்தேன். சொன்னால் போட்டி செல்லாது, திரும்பவும் நடத்த வேண்டும், அந்தப் பெட்டியோடு நடத்தினால் கடைசியாக வரப்போவது நான். அந்தக் கணக்கு என் மண்டையில் அவ்வளவு வேகமாக ஓடியது.

டெல்மர் பெட்டியைக் கரையோர வில்லோப் புதருக்குள் வீசிவிட்டு நடந்தான். குனிந்தவாறே போனான். அவனை நிமிர்த்த நெல்டா கை நீட்டினாள், தட்டிவிட்டான். அந்த வாரமே அவன் பெயரை அடித்துவிட்டோம். அவளோடு அவன் அப்புறம் பேசவில்லை. இலையுதிர்காலம் முடிவதற்குள் அவள் பொகடெல்லோவில் இருக்கும் தன் அக்கா வீட்டுக்குப் போய்விட்டாள். டெல்மர் கிடைத்த ஆளிடமெல்லாம் ஒரே கதையைச் சொன்னான். பெட்டியில் குறை இல்லை, பெண்டாட்டி கையில்தான் குறை.

போன மாதம், பதினோரு வருஷம் கழித்து, நெல்டா என் வீட்டு வாசலில் நின்றாள். முடி முழுக்க நரைத்திருந்தது. டெல்மருக்கு ஈரல் போய்விட்டது, இன்னும் ஒரு வாரம்தான் தாங்குவான் என்று ஆஸ்பத்திரியில் சொல்கிறார்களாம். அறைக்குள் அவளை விட மறுக்கிறானாம்.

"கூட வந்து ஒரு வார்த்தை சொல்லு வெர்ன். அன்னிக்கு நான் கை கழுவினதை நீ பாத்தே. அது போதும். வேற எதுவும் நான் கேக்கல."

வேறு எதுவும் என்று அவள் சொன்னபோதுதான் நாங்கள் செய்தது அவளுக்குத் தெரியும் என்று எனக்குப் புரிந்தது.

"எனக்கு ஞாபகம் இல்ல நெல்டா," என்றேன்.

அவள் தலையை ஆட்டினாள். திரும்பிப் போகும்போது என் வண்டியின் பின்புறம் நின்றாள். மடக்குப் பெட்டி அங்கேதான் கிடந்தது. போட்டி நடந்த அன்று மாலையே அதைப் புதரிலிருந்து எடுத்து, சோப்புப் போட்டுக் கழுவியிருந்தேன். அதற்குப் பிறகு ஒரு ஆகஸ்டிலும் நான் கடைசியாக வந்ததில்லை. நெல்டா அதன் தோள்வாரை விரலால் நீவி, ஓரத்தை இழுத்துப் பார்த்தாள்.

"தையல் பிரியல," என்று சொல்லிவிட்டுப் பேருந்து நிறுத்தத்துக்கு நடந்தாள்.