குடிக்காமல் அடித்த பம்பை

குடிக்கிறவரிடம் குடிக்காதே என்று சொல்வதற்குச் சம்பளம் வாங்குகிற வேலை என்னுடையது. வாலாஜாபாத் பக்கம் ஒரு மறுவாழ்வு மையத்தில் ஆலோசகர். உங்கள் வீட்டிலும் அண்ணனோ மாமனோ குடித்தால், அந்தச் சொல்லுக்கு என்ன மரியாதை என்று உங்களுக்கே தெரிந்திருக்கும்.

வராத கை

ஏழுமலை பிள்ளைப்பாக்கத்துக்காரர். ஒரகடத்துக் கம்பெனி ஒன்றில் தகடு அழுத்தும் பிரஸ் ஷாப் வேலை. ஊர்க் கோயிலில் பம்பை மேளம் அடிப்பவர். கம்பெனி பஸ் நிற்குமிடத்தில் விழுந்து கிடந்தவரை மனைவி கஸ்தூரி கொண்டுவந்து சேர்த்தார். முதல் வாரம் டீ டம்ளரைக்கூட இரண்டு கையால்தான் பிடித்தார்.

மாலையில் எங்கள் மையத்தில் ஒரு மணி நேரம் பாட்டு உண்டு. நடுக்கம் குறைந்ததும் டோலக்கை அவரிடம் நீட்டினேன். வாங்கவில்லை.

"குடிக்காம நான் அட்ச்சதே இல்ல சார். ஊத்திக்கினாத்தான் கை வரும். இத்தப் பாத்தாலே எனக்கு அந்த ஞாபகம்தான் வருது."

தப்பின தாளம்

பயந்துபோய் டோலக்கைப் பீரோவில் வைத்துப் பூட்டினேன். பத்து நாள் கழித்து அவரே கேட்டார். அன்று பாடியவர் பக்கத்துக் கட்டில் செல்வம், திருநெல்வேலியிலிருந்து வெல்டர் வேலைக்கு வந்தவர். நாலு அடி அடிப்பதற்குள் ஏழுமலைக்குத் தாளம் தப்பியது. மறுபடி அடித்தார், மறுபடி தப்பியது. டோலக்கைக் கீழே வைத்துவிட்டுச் சுவர்ப் பக்கம் திரும்பி உட்கார்ந்தார். தோள் குலுங்கியது.

செல்வம்தான் டோலக்கை எடுத்து அவர் மடியில் வைத்தார்.

"தப்பாவே அடிங்கண்ணே. ஒத்தையில பாடுனா ஊர்ல இருக்க பிள்ள ஞாபகம் வந்து பாட்டு பாதியில நின்னுருது."

ஆடிக் கூழ்

வீட்டுக்குப் போன பிறகு ஒருமுறை சறுக்கி, குடித்துவிட்டார். அவரே வந்து சொல்லி, திரும்பச் சேர்ந்தார். அடுத்த ஆடியில் ஊரில் கூழ் ஊற்றினார்கள். பம்பைக்காரர்களுக்குப் பிராந்தி பாட்டில் கொடுப்பது அங்கே வழக்கம். பாட்டில் வந்தால் நான் வரமாட்டேன் என்று விழாக் குழுவிடம் ஏழுமலை சொல்ல, சிரித்திருக்கிறார்கள். கஸ்தூரியும் அவர் தெருவில் இருக்கும் பெண்களும் போய் நின்ற பிறகுதான் ஒப்புக்கொண்டார்கள்.

நானும் போய்க் கஸ்தூரி பக்கத்தில் நின்றிருந்தேன். கரகம் கோயிலுக்கு வந்து சேரும்வரை வெயிலில் அடித்தார். இரண்டு இடத்தில் தப்பியது. அவரே பிறகு சொன்னதுதான், வேறு யாரும் கவனிக்கவில்லை. முடிந்ததும் வரிசையில் நின்று கூழ் வாங்கிக்கொண்டு எங்களை நோக்கி நடந்து வந்தார். கஸ்தூரி அவரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"கல்யாணம் ஆனதுலேர்ந்து, இவரு அட்ச்சு முட்ச்சா நாலு பேரு தூக்கினு வந்து வூட்ல போடுவாங்க சார். இன்னிக்குத்தான் நடந்து வர்றாரு."

எங்களிடம் வந்தவர்களில் சிலர் திரும்பக் குடிக்கிறார்கள், சிலர் திரும்ப வருகிறார்கள், ஆனால் என் ஆலோசனை நேரத்துக்குச் செய்வதுபோல வயிற்றுவலி என்று சொல்லிப் பாட்டு நேரத்துக்கு மட்டம் போட்டவர் இதுவரை ஒருவரும் இல்லை.