நாலு பேருக்கான அடுப்பு

அம்மாவுக்குப் புகை ஆகாது. விறகடுப்பின் முன் உட்கார்ந்தால் இருமல் பிடித்துக்கொள்ளும். சோறு வடிப்பதற்குள் இரண்டு முறையாவது வாசலுக்கு ஓடிவந்து மூச்சு வாங்குவாள். பெரியம்மாவும் அதே அடுப்பங்கரையில்தான் ஆக்கினாள். "பொகைக்குப் பயந்தா சோறு வேகுமா?" என்பாள். நல்ல மனதோடுதான் சொல்வாள், ஆனால் தினமும் சொல்வாள்.

பெரியப்பாவும் அப்பாவும் அப்போது ஒரே குடும்பம். ஜேடர்பாளையத்து அணைக்கட்டிலிருந்து வரும் வாய்க்கால் பாயும் வயல் அத்தனையும் பொது. பண்டிகைக்கு எடுக்கும் துணிகூட ஒரே பீஸிலிருந்துதான் கிழிப்பார்கள்.

ஒரு பங்குனியில் அப்பா, பட்டணத்துக் கம்பெனி ஒன்றின் படப் புத்தகத்தைப் பார்த்து மண்ணெண்ணெய் அடுப்புக்கு எழுதிப்போட்டார். புகையே வராதாம். அம்மா அந்தப் படத்தை என்னிடம் பலமுறை காட்டினாள். பெரியப்பா அந்தப் படத்தைக் கையில் வாங்கிப் பார்க்கவில்லை. வெற்றிலை போடுவதைக்கூட அந்த நாட்களில் குறைத்துக்கொண்டார்.

சித்திரை வெயிலில் பெட்டி வந்து சேர்ந்தது. பிரித்தால், என் இடுப்புயரத்துக்குக் கறுப்புத் தகரக் கூண்டு ஒன்று. உச்சியில் குடை போல வளைந்த மூடி, அதில் பூப்பூவாக ஓட்டைகள். சட்டியை வைத்தால் வழுக்கிக்கொண்டு வந்தது. ஊர் வாத்தியார் வந்து ஒட்டியிருந்த சீட்டைப் படித்துவிட்டுத் தயங்கினார்.

"இது சமைக்கிறதில்லைங்க. குளிர் தேசத்துல ரூமைச் சூடு பண்றதுங்க."

"கம்பெனிக்காரன் மாத்திப் போட்டானுங்கண்ணா," என்றார் அப்பா.

பெரியப்பா வெகு நாளைக்குப் பிறகு சிரித்தார். "நம்மூருக்குச் சூரியன் பத்தலைன்னு நெனச்சுட்டானாட்ட இருக்குது. உடு, நானே சேலம் போய் மாத்திட்டு வாரேன்."

யாருக்காகவும் ஊர் எல்லையைத் தாண்டாத மனிதர் அவர். அவராகவே கிளம்பியது எல்லோருக்கும் ஆச்சரியம். அவருக்குப் பெண் பிள்ளை கிடையாது. ஊருக்குள் எங்கே போனாலும் என்னைத்தான் கூட்டிக்கொண்டு போவார்; இதற்கும் என்னையே கூட்டிக்கொண்டார். நாமக்கல் வரை வண்டி, அங்கிருந்து சேலத்துக்குப் பஸ், பிறகு ஜட்கா வண்டியில் சூரமங்கலம். ரயிலடிப் பார்சல் ஆபீசில் இருந்தவர், பட்டணத்துக்குத் திருப்பி அனுப்பி வேறு வரவழைப்பதென்றால் ஆடி பிறந்துவிடும் என்றார். அஸ்தம்பட்டியில் ஏற்காட்டுக்குச் சாமான் அனுப்பும் பாய் ஒருவர் இருக்கிறார், மலை பங்களாக்களுக்கு இது உதவும், அங்கே கேட்டுப் பாருங்கள் என்று அவரே வழியும் சொன்னார்.

பாய் கடை விளக்கும் வாளியுமாக நிறைந்திருந்தது. எங்கள் கூண்டைப் பார்த்ததும் அவர் முகம் மலர்ந்தது.

"வாங்க கவுண்டரே. மலையில தொரைமாருங்க கேட்டுக்கிட்டே இருக்காங்க. இதை வச்சிட்டு, உங்களுக்கு வேண்டியதை எடுத்துக்குங்க."

உள்ளே போய் ஓர் அடுப்பைக் கொண்டுவந்து பலகைமேல் வைத்தார். படத்தில் இருந்தது அப்படியே. திரியைப் பற்றவைத்தும் காட்டினார். நீலமாக எரிந்தது. புகையே இல்லை. பெரியப்பா அதையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"ஏனுங்க, இதுல எத்தனை பேருக்கு ஆக்கலாம்?"

"நாலு பேருக்குத் தாராளமா ஆக்கலாங்க."

"எங்க ஊட்டுல பதினாலு பேருங்க," என்றார் பெரியப்பா. "இது ஆவாதுங்க."

அதற்குப் பதிலாகக் காப்பிக்கொட்டை அரைக்கும் மிஷின் ஒன்றை வாங்கிக்கொண்டார். கைப்பிடியைச் சுற்றினால் தூள் கீழே இழுப்பறையில் விழும். பெரிய குடும்பத்துக்கு நல்ல சாமான்தான். வழியெல்லாம் அதை மடியில் வைத்திருந்தார். எனக்கு அல்வா வாங்கித் தந்தார்.

வீட்டில், "அடுப்பு கெடைக்கல," என்று பொதுவாகச் சொன்னார். அம்மா அவர் முன்னால் வந்து நிற்கமாட்டாள்; கதவுக்குப் பின்னால் நின்று கேட்டுக்கொண்டாள். அப்பா மிஷினைச் சுற்றிப் பார்த்து, நன்றாக அரைக்கிறது என்றார்.

மறுநாள் கிணற்றடியில் அம்மா என் தலைக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டே கேட்டாள்.

"கடையில அடுப்பே இல்லையா சாமி?"

"இருந்துச்சும்மா. நீலமா எரிஞ்சுது. நாலு பேருக்குத்தான் ஆவுமாம், அதுனால வேண்டாம்னுட்டாரு."

அம்மாவின் கை சற்று நின்றது. அப்பா, அம்மா, நான், தம்பி. எனக்கு அந்தக் கணக்கு தோன்றவில்லை. அவள் மறுபடியும் தண்ணீர் ஊற்றினாள்.

ஆடிக்கு முன்பே கிழக்குத் தாழ்வாரத்தில் அப்பா மூன்று கல்லைப் போட்டு எங்களுக்குத் தனி அடுப்புக் கூட்டினார். அங்கே மூன்று பக்கமும் காற்று, புகை நிற்காது. யாரும் சண்டை போடவில்லை. பெரியம்மா ஒரு படி அரிசியும் புதுச் சட்டியும் எடுத்துக் கொடுத்தாள். பிறகு தன் அடுப்பிலிருந்து கங்கு ஒன்றை எடுத்து, வறட்டித் துண்டின்மேல் வைத்து என் கையில் தந்தாள்.

"ஊதிக்கிட்டே போ சாமி. அணைஞ்சுறப் போவுது."

அவள் கண் கலங்கியிருந்தது. அவளுக்கும் புகை ஆகாமல் போய்விட்டது என்று நினைத்தேன்.

வாசலைக் கடக்கும்போது பெரியப்பா கட்டிலில் உட்கார்ந்திருந்தார். எனக்கு அதெல்லாம் கூட்டாஞ்சோறு விளையாட்டு மாதிரி இருந்தது. அவர் எதிரே நின்று, கங்கு நன்றாகச் சிவக்கும்படி ஒருமுறை ஊதிக் காட்டினேன். "பாருங்க பெரியப்பா, அணையாமக் கொண்டு போறேன்."

"பைய்யப் போ சாமி," என்று காலை மடக்கி வழி விட்டார்.