பத்தியக் குழம்பில் போட்ட உப்பு

காலையில் பல் தேய்த்த கையோடு என் வீட்டுக்காரர் மேசைக்கு வந்துவிடுவார். பிரஷர் மிஷினின் பட்டையை அவர் முழங்கைக்கு மேலே கட்டுவது என் வேலை. காலைத் தரையில் ஊன்றி, முதுகைச் சாய்த்து, ஐந்து நிமிஷம் சும்மா இருக்க வேண்டும். இருந்தால்தானே! துறைமுகத்தில் நேற்று எந்தப் படகுக்கு என்ன மீன் பட்டது என்று வாய் ஓயாது.

“மிண்டாம இரிங்க. பேசினா கூடுதலாக் காட்டும்” என்று தினமும் அதட்டுவேன்.

எனக்கு இதெல்லாம் சொல்லித் தந்தது எதிர்வீட்டு நர்ஸ் அக்கா. மகளுக்கு அப்போது மூன்று வயது. இவர் கல்ஃபிலிருந்து லீவில் வந்திருந்தார். புது விசாவுக்கு மெடிக்கல் பாஸாக வேண்டும். அதற்குப் பதினைந்து நாள் முன்னால் அக்கா பாதரச மிஷினைக் கொண்டுவந்து அழுத்திப் பார்த்தாள். நூற்றைம்பதுக்கு நூறு.

“மேல உள்ளது நெஞ்சு சுருங்கி ரெத்தத்தைத் தள்ளும்போ உள்ள அழுத்தம். கீழ உள்ளது நெஞ்சு தளரும்போ உள்ளது. ரெண்டும் கூடிப்போச்சு. உப்பைக் குறை மக்கா” என்றாள்.

எங்கள் தேங்காய்ப்பட்டணத்தில் மெடிக்கலுக்குப் போகிறவர் வீட்டில் பத்தியம் இருப்பது வழக்கம். கருவாடு இல்லை, ஊறுகாய் இல்லை, மீன் குழம்பில் உப்பு இல்லை. கடற்கரையில் உப்பில்லாத குழம்பா! வாயில் வைக்க விளங்காது. நாலு நாள் மனுஷன் முகம் சுளிக்காமல் தின்றார்.

ஐந்தாம் நாள் மத்தியானம் மகள் அவர் வயிற்றின்மேல் கவிழ்ந்து தூங்கினாள். வந்த புதிதில் அவரைக் கண்டாலே என் சேலைக்குள் ஒளிந்த பிள்ளை. இனி மூன்று வருஷம் கழித்து வந்தால் மறுபடி ஒளிவாள். எனக்கு நெஞ்சு வெந்தது. போகாதீர்கள் என்று சொல்ல வாய் வரவில்லை. வீடு பாதியில் நின்றது, எந்த முகத்தோடு சொல்ல? அடுக்களைக்குப் போய் அவர் குழம்பில் ஒரு பிடி உப்பை அள்ளிப் போட்டேன்.

ஒரு வாய் தின்றவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். “இன்னும் கொஞ்சம் ஊத்துட்டி” என்றார். நாலு நாள் பத்தியத்தில் நாக்கு செத்துவிட்டது என்று நினைத்துக்கொண்டேன். மெடிக்கல் வரை தினமும் போட்டேன்.

திருவனந்தபுரத்தில் மெடிக்கலில் மூன்று தடவை பிரஷர் பார்த்தார்களாம். அன்ஃபிட். அவர் இடிந்துபோய் வருவார் என்று பயந்திருந்தேன். வந்தவர் மகளைத் தூக்கித் தோளில் வைத்துக்கொண்டு கடைத்தெருவுக்குப் போய்விட்டார். பிறகு துறைமுகத்தில் மீனுக்குப் போடும் ஐஸ் கடை வைத்தார், மிச்ச வீட்டையும் கட்டினோம். ஆனால் அன்றிலிருந்து அவருக்கு மாத்திரை நிற்கவில்லை. ஒவ்வொரு மாத்திரையையும் எடுத்துக் கொடுக்கும்போது, பாவி, இது உன்னால்தான் என்று என் மனசு குத்தும். எத்தனை வருஷம்!

போன வாரம் மிஷின் நூற்று அறுபது காட்டியது. என்னால் தாங்க முடியவில்லை. அழுதுகொண்டே எல்லாவற்றையும் கொட்டினேன்.

அவர் சிரித்தார். “ஏட்டி, கடப்புறத்துல பிறந்தவனுக்கு உப்புக் கரிச்சாத் தெரியாதா? நீ போட்டது போதாதுன்னு தோணிச்சு. மெடிக்கலுக்குப் போற வழியில பஸ் ஸ்டாண்டுல ரெண்டு பாக்கெட் ஊறுகா வாங்கி நக்கிட்டுத்தான் உள்ளே போனேன்.”

எனக்குக் கோபம் தலைக்கேறியது. “இத்தனை காலமும் என்னை வேக விட்டு வேடிக்கை பார்த்தியளா? ஒரு வார்த்தை சொன்னா என்ன?”

“நீ சொன்னியா? போவாண்டாம்னு நீ ஒரு வாட்டி சொல்லுவேன்னு மெடிக்கலுக்குப் பஸ் ஏறுறது வரைக்கும் திரும்பித் திரும்பிப் பார்த்தேன்.”

எண் சரியாக விழுந்திருக்காது, மறுபடி பார்க்கலாம் என்று பட்டையை அவிழ்த்துத் திரும்பக் கட்டினேன். அன்றைக்கு அவர் ஐந்து நிமிஷமும் மிண்டாமல் இருந்தார். நான்தான் அவர் கையைப் பிடித்துக்கொண்டு, “போவாண்டாம், போவாண்டாம்” என்று சொல்லிக்கொண்டே இருந்தேன்.