கடல் புகுந்த பள்ளம்

சித்தூர்ப் பள்ளியொன்றில் உள்ளூர்க்காரனான நானும் தெலுங்கு தெரியாத தஞ்சாவூர்ப் பக்கத்துக்காரர் ஒருவரும் பூகோள வாத்தியார்களாக இருந்தோம். எந்த ஊர் ஆந்திராவுக்கு, எந்த ஊர் மதராஸுக்கு என்று எல்லைப் பேச்சு நடந்துகொண்டிருந்த காலம். தமிழ் வகுப்புகளை மூடப்போகிறார்கள், எங்களில் தெலுங்கில் பாடம் நடத்துகிற ஒருவருக்குத்தான் வேலை நிலைக்கும் என்றார்கள்.

எங்கள் பாடத்தைப் பார்க்க இன்ஸ்பெக்டர் வருவதற்கு முதல் நாள் தஞ்சாவூர்க்காரர் என்னிடம் வந்தார். சிலி நாட்டின் தென்கோடியில் இருக்கும் ஃபியோர்டு என்கிற ஒடுங்கிய கடல் நுழைவுதான் அவருடைய பாடம்.

"பனிக்கட்டிக்குத் தெலுங்குல என்ன தம்பி?"

"பெண்ட, சார்" என்றேன். பெண்ட என்றால் சாணக்குப்பை.

மறுநாள் கரும்பலகையில் செங்குத்தான மலைகளை அழகாக வரைந்தார். பெண்ட மெல்ல வழுக்கி இறங்கி மலையைக் குடைந்தது, அந்தப் பள்ளத்தில் கடல் புகுந்தது என்று மனப்பாடம் செய்த தெலுங்கில் சொன்னார். வகுப்பே வெடித்துச் சிரித்தது. புரியாமல் அதையே இன்னும் உரக்கச் சொன்னார். "சாலு, கூர்ச்சோண்டி" என்று இன்ஸ்பெக்டர் அவரை உட்கார வைத்துவிட்டார். கடைசி பெஞ்சில் இருந்த நானும் சிரித்தேன்.

வேலை எனக்குக் கிடைத்தது. ஊருக்குக் கிளம்பும்போது அவர் என் தோளைத் தட்டினார். "உனக்கும் அந்த வார்த்தை சரியாத் தெரியல போலிருக்கு. மனசுல வச்சுக்காத தம்பி."

"ஆமா சார், எனக்கும் தெரியாமப் பூட்ச்சு" என்றேன்.