டப்பா கட்டிய மரம்

சித்தியின் உதடு பலாச்சுளைபோல வீங்கிய அன்றுதான் எங்கள் வீட்டில் சிவப்பு தேடும் வேலை தொடங்கியது. அந்த வேலையில் எனக்கு உதவியாளர் பதவி கிடைத்தது. நான்காம் வகுப்பில் படித்துக்கொண்டிருந்த எனக்கு அதற்கு முன் வீட்டில் பதவி என்று எதுவும் இருந்ததில்லை. அதனால் மிகவும் சிரத்தையாகவே செய்தேன்.

சித்தி, அம்மாவின் தங்கை. எங்களோடுதான் இருந்தாள். பனச்சமூட்டில் ஒரு பேன்சி கடையில் அவளுக்கு வேலை. பனச்சமூடு எங்கள் ஊருக்குப் பக்கத்தில் இருக்கும் சந்திப்பு. இந்தப் பக்கம் கேரளம், அந்தப் பக்கம் தமிழ்நாடு. பேசிக்கொண்டே நடந்தால் ஒரு வாக்கியம் கேரளத்தில் தொடங்கித் தமிழ்நாட்டில் முடியும். கடைக்கு வருகிறவர்கள் விலை கேட்பது மலையாளத்தில், பேரம் பேசுவது தமிழில், கோபித்துக்கொண்டு இறங்கிப் போவது இரண்டிலும். சித்தி எல்லோருக்கும் சிரித்த முகத்தோடு லிப்ஸ்டிக் விற்றாள். கன்னத்தில் தேய்க்கிற ரோஸ் கிரீமும் சின்னச் சின்ன டப்பிகளில் உண்டு. வாங்குகிறவர்களுக்கு நிறம் காட்டுவதற்காகத் தன் புறங்கையில்தான் கோடு இழுப்பாள். மாலையில் வீடு திரும்பும்போது இடது கை முழுக்க வரிவரியாகச் சிவப்பு இருக்கும். நான் ஒவ்வொரு வரிக்கும் பெயர் கேட்பேன். அவள் சொல்லிக்கொண்டே வந்து, கடைசி வரியில் கொஞ்சம் நிறுத்தி, "இது மட்டும் ஒரு நாள் எனக்கு வேணும், மக்கா" என்பாள். பிறகு சோப்பு போட்டு எல்லாவற்றையும் கழுவிவிடுவாள்.

வியாபாரத்தில் அவளிடம் ஒரு நேர்மை இருந்தது. அலமாரியின் அடித்தட்டில் ஒரு பச்சைப் பெட்டி கிடந்தது. முதலாளி எங்கிருந்தோ மலிவாக அள்ளிக்கொண்டு வந்த லிப்ஸ்டிக். யாராவது விலையைப் பார்த்து அதில் கைவைத்தால் சித்தி குரலைத் தாழ்த்தி, "அது வேண்டாம் சேச்சி, சொறியும்" என்று சொல்லி வேறொன்றை எடுத்துக் கொடுப்பாள். முதலாளிக்கு இது தெரியாது. எனக்குத் தெரியும் என்பதில் எனக்கு ஏகப்பட்ட பெருமை.

உதடு வீங்கிய அன்று நெய்யாற்றின்கரையிலிருந்து வங்கி வேலை பார்க்கும் ஒருவர் சித்தியைப் பெண் பார்க்க வருவதாக இருந்தது. அம்மா விடியற்காலையிலேயே முந்திரிக்கொத்து சுட்டு அடுக்கிவிட்டாள். சித்தி அன்றைக்கு என்று கடையிலிருந்து ஒரு லிப்ஸ்டிக் கொண்டுவந்திருந்தாள். பூசிக்கொண்டு சிறிது நேரம் அழகாகத்தான் இருந்தாள். விருந்தினர்களின் கார் முற்றத்தில் நின்ற நேரத்தில் மேலுதடு தடித்தது. தேநீர்த் தட்டை எடுத்துக்கொண்டு போகும்போது கீழுதடும் சேர்ந்துகொண்டது. வந்தவர்கள் முந்திரிக்கொத்தைச் சாப்பிட்டார்கள், தேநீர் குடித்தார்கள், மழையைப் பற்றிப் பேசினார்கள், கிளம்பிப் போனார்கள். மறுநாள் தரகர் வந்து, பெண்ணுக்கு ஏதாவது தீனம் உண்டா என்று அவர்கள் கேட்டதாகச் சொன்னார்.

அம்மா அடுக்களையில் உட்கார்ந்து அழுதாள். தங்கைக்கு வந்த நல்ல இடம் போனதோடு, உதட்டுத் தீனம் என்ற பேச்சும் ஊரில் பரவினால் இனி யார் வருவார்கள் என்பது அவள் கவலை. அப்பா ஒரு வக்கீலிடம் குமாஸ்தா. வீட்டு விஷயங்களையும் அவர் வழக்காகத்தான் பார்ப்பார். இரண்டு தரப்பையும் விசாரித்துவிட்டு, இந்த வீட்டுக்குள் இனி லிப்ஸ்டிக் நுழையக்கூடாது என்று தீர்ப்புச் சொன்னார். சித்தி மேல்முறையீடு எதுவும் செய்யவில்லை. இரவில் பாயில் படுத்துக்கொண்டு என்னிடம் மட்டும் சொன்னாள்: "எனக்கு அது சேராது, மக்கா. வேற ஏதாம் வழி கண்டுபிடிப்போம்."

முதலில் பீட்ரூட். துருவிப் பிழிந்து பூசினோம். ஈரமாக இருக்கும்வரை சித்தி மகாராணிதான். காய்ந்ததும் எங்கோ விழுந்து உதட்டைக் கிழித்துக்கொண்டவள்போல் ஆகிவிட்டாள்.

அடுத்தது கிறிஸ்மஸ் நட்சத்திரம் கட்டுவதற்காக வாங்கி வைத்திருந்த சிவப்புக் கிரேப் பேப்பர். அதை நனைத்து அழுத்தினால் சாயம் இறங்கும் என்பது என் சொந்த யோசனை. அதனால் சோதனையும் என் உதட்டிலேயே நடந்தது. சாயம் நன்றாகவே இறங்கியது. உதடு, தாடை, முன்பல் இரண்டு, எல்லாம் சிவந்தன. அந்த ஞாயிற்றுக்கிழமை ஆலயத்தில் நான் வாயைத் திறக்காமலே பாட்டுப் பாடினேன். ஓய்வுநாள் பள்ளி டீச்சர், காலையிலேயே ஐஸ் தின்ன விட்டார்களா என்று கேட்டார்.

பிறகு பதிமுகம். எங்கள் பக்கத்து வீடுகளில் குடிக்கிற தண்ணீரில் போட்டுக் கொதிக்கவைக்கும் மரச்சீவல் அது. தண்ணீர் இளஞ்சிவப்பாகிவிடும். தண்ணீரே சிவந்தால் கன்னம் சிவக்காதா? ஒரு பானை தண்ணீரை அரை டம்ளராகச் சுண்டக் காய்ச்சி, சித்தியின் கன்னத்தில் தடவிவிட்டேன். கடையில் இருந்த கிரீம் தோற்றுவிடும் போலிருந்தது. விசிறியின் காற்று பட்டதும் ஒன்றும் இல்லாமல் போய்விட்டது. அடுப்பில் தீர்ந்த விறகுக்கு அம்மாவிடம் நான்தான் திட்டு வாங்கினேன்.

அப்போதுதான் சித்தி தற்செயலாக நினைத்துக்கொண்டவள்போல, பனச்சமூட்டில் ரோட்டுக்கு அந்தப் பக்கம் செடி விற்கிற நர்சரியில் ஒரு மரம் நிற்கிறது என்றாள். குரங்கு மைலாஞ்சி. ரம்பூட்டான்போல முள்முள்ளாய்க் காய்க்கும். உடைத்தால் உள்ளே இருக்கும் விதையைத் தொட்ட விரல் குங்குமமாகிவிடும். "அங்க நிக்க அண்ணன்ட்ட சித்தி கேட்டேன்னு சொல்லு. தருவாரு" என்று துணிப்பையைக் கொடுத்து அனுப்பினாள்.

நான் வேற்று மாநிலத்துக்குப் போய்க் காய் வாங்கிவரத் தொடங்கினேன். நர்சரி அண்ணன் மெலிந்து உயரமாக இருப்பார். கையில் எப்போதும் மண். நான் யாருக்காக வந்திருக்கிறேன் என்று சொன்னதும் கையைச் சட்டையிலேயே துடைத்துவிட்டு மரத்தடிக்கு ஓடுவார். ஒவ்வொரு தடவையும் ஒரே கேள்வி: "சித்திக்க உதட்டுக்கு இப்பம் எப்படி உண்டு?" சுகமாகிவிட்டது என்று சொல்வேன். அவர் முகம் மலர்ந்துவிடும். முன்பின் தெரியாத ஒருத்தியின் உதட்டுக்காக இவ்வளவு கவலைப்படுகிற மனிதரை நான் பார்த்ததே இல்லை. நல்ல சமாரியன் கதையை டீச்சர் சொன்னபோது எனக்கு அவர் முகம்தான் மனதில் வந்தது.

விதையைத் தேங்காய் எண்ணெயில் குழைத்தோம். அது உண்மையிலேயே பலித்தது. சித்தியின் உதட்டில் செம்பருத்தியின் நிறம் வந்தது. கன்னத்தில் ஒரு சொட்டு தேய்த்தால் போதும். பழைய தைல டப்பி ஒன்றில் நிரப்பி வைத்தோம். மாதக்கணக்கில் வரும் அளவுக்கு இருந்தது. ஆனாலும் சித்தி என்னைக் காய்க்கு அனுப்புவதை நிறுத்தவில்லை. பை பையாகக் கட்டிலுக்கு அடியில் சேர்ந்தது. இன்னும் எதற்கு என்று ஒரு நாள் கேட்டேன். பழைய காய்க்கு வீரியம் குறைவு என்றாள். சித்தி விவரம் தெரிந்தவள், நான் நம்பினேன்.

கடைசியாகப் போனபோது மரத்தில் ஒரு பவுடர் டப்பா தொங்கியது. உள்ளே கல் போட்டுக் கயிற்றில் கட்டியிருந்தது. காயைக் கிளி கொத்திக்கொண்டு போகிறது என்று தன் அம்மா கட்டியிருப்பதாகச் சொன்னார் அண்ணன். இயேசு பிறந்த தொழுவமாகக் கிறிஸ்மஸுக்குக் கட்டும் புல்கூட்டில் தொங்கவிட அவர் அம்மா வருடாவருடம் அந்தக் காய்களைத்தான் பறித்து உலர்த்துவாராம். டப்பா குலுங்காதபடி ஒரு கையால் கிளையைப் பிடித்துக்கொண்டு, மறு கையால் அண்ணன் மெதுவாகப் பறித்ததை நான் மூச்சு விடாமல் பார்த்தேன்.

இரண்டாவது மாப்பிள்ளை வந்தது அதற்குப் பிறகுதான். தரகர் அப்பாவிடம் விவரம் சொன்னார். பையனுக்குச் சொந்தத் தொழில். காட்டிய பெண்ணை எல்லாம் வேண்டாம் என்றவன், இந்த இடத்தைச் சொன்னதும் தலையாட்டியிருக்கிறான். ஆனால் அவன் அம்மா கண்டிப்பானவர், சபையில் பெண்கள் சங்கத்துக்குத் தலைவி. உதட்டுத் தீனப் பேச்சு அவர் காதுக்கும் போயிருக்கிறது. கழுவின முகத்தைத்தான் பார்க்கவேண்டும், ஒரு பொட்டு பூச்சு இருந்தாலும் எழுந்து போய்விடுவேன் என்று சொல்லி அனுப்பியிருக்கிறார்.

அன்று காலை அம்மா சித்தியை உட்காரவைத்துப் பயற்றுமாவால் முகத்தைத் தேய்த்துக் கழுவினாள். எனக்கு அழுகை வந்தது. இத்தனை நாள் பட்ட பாடு மொத்தமும் வாளித் தண்ணீரில் போகிறது. முதல் தடவை வீங்கிய உதடு, இந்தத் தடவை வெளிறிய உதடு. இந்த இடமும் தட்டிப்போனால் சித்தி என்ன ஆவாள்? எனக்குச் சித்தியை அவ்வளவு பிடிக்கும். தைல டப்பியை ஒளித்துக் கொண்டுபோய் நீட்டினேன். "இன்னைக்கு வேண்டாம், மக்கா" என்று என் கன்னத்தில் தட்டினாள்.

கார் வந்தது. முதலில் தரகர் இறங்கினார். பிறகு வெள்ளைச் சேலையும் கையில் மடித்த வெள்ளைக் கைக்குட்டையுமாக ஓர் அம்மா. கடைசியாக இஸ்திரி போட்ட சட்டையில் நர்சரி அண்ணன். எனக்கு ஒரே சந்தோஷம். ஓடிப்போய் முன்னால் நின்றேன். அவரோ என்னைப் பார்த்ததே இல்லை என்பதுபோல் சுவரில் மாட்டியிருந்த காலண்டரைப் படிக்க ஆரம்பித்தார். எனக்கு ரோஷமாகிவிட்டது.

சித்தி தேநீர்த் தட்டோடு வந்தாள். மாப்பிள்ளையின் அம்மா, "இஞ்ச வா, பிள்ளே" என்று அருகில் கூப்பிட்டார். கைக்குட்டையைப் பிரித்துச் சித்தியின் கன்னத்தில் ஒரு தடவை அழுத்தித் துடைத்தார். வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். வெள்ளை வெள்ளையாகவே இருந்தது. என் அம்மாவுக்கு உயிர் வந்தது. அத்தோடு முடிந்திருக்கும். ஆனால் அந்த அம்மா பெரியவர்களை நம்பாமல் என் பக்கம் திரும்பினார்.

"நீ உள்ளதச் சொல்லு, மக்கா. சித்தி மூஞ்சில என்னவெல்லாம் போடுவா?"

ஓய்வுநாள் பள்ளியில் உண்மை பேசுவதற்குப் பரிசு வாங்கியவள் நான். போதாததற்கு அது என் கண்டுபிடிப்புகளைப் பற்றிய கேள்வி. "பீட்ரூட்டு, கிரேப் பேப்பர், பதிமுகம். பொறவு குரங்கு மைலாஞ்சி. அதாக்கும் நல்லது" என்றேன்.

அப்பா கண்ணை மூடிக்கொண்டார். தரகர் எதற்கோ சிரித்தார். அந்த அம்மா மட்டும் முன்னால் நகர்ந்து உட்கார்ந்தார்.

"அது எங்கேந்து கிட்டிச்சு?"

"மரத்துலேந்து."

"எந்த மரம்?"

நான் அண்ணனைப் பார்த்தேன். அவர் காலண்டரில் அடுத்த மாதத்துக்குப் போயிருந்தார். "டப்பா கெட்டின மரம்" என்றேன்.

அந்த அம்மா தன் மகனின் வலது கையைப் பிடித்து இழுத்து விரித்துப் பார்த்தார். இஸ்திரிச் சட்டைக்காரரின் நகக்கண்களில் எல்லாம் சிவப்பு. கழுவினாலும் போகாத சிவப்பு என்று எனக்குத் தெரியும், என் நகத்திலும் அது இருந்தது. என் அம்மாவின் முகம் வாடிப்போய்விட்டது. தரகர் மூலமாக வந்தால் கௌரவமான சம்பந்தம். பிள்ளைகளே பார்த்துப் பேசிக்கொண்டால் எங்கள் பக்கத்தில் அதற்கு வேறு பெயர். இதெல்லாம் எனக்கு அன்று எங்கே தெரியும்? புல்கூட்டுக் காயைத் திருடியதற்காகத்தான் கோபிக்கிறார்கள் என்று நினைத்தேன். உள்ளே ஓடி, கட்டிலுக்கு அடியில் கிடந்த பைகளை எல்லாம் இழுத்துக்கொண்டு வந்து அந்த அம்மாவின் காலடியில் வைத்தேன். "மிச்சம் உண்டு. கொண்டு போங்க. சித்திய வேண்டாம்னு சொல்லாதீங்க" என்று அழுதேன்.

அவர் பைகளைப் பார்த்தார். பிறகு சித்தியை நிமிர்ந்து பார்த்தார். சித்தியின் முகம் கன்னத்திலிருந்து காதுவரை சிவந்துபோயிருந்தது. நாங்கள் காய்ச்சியதும் குழைத்ததும் எதுவும் அப்படி ஒரு நிறத்தைக் கொடுத்ததில்லை. அவர் கைக்குட்டையால் மறுபடியும் துடைத்தார். சிவப்பு போகவில்லை. கைக்குட்டையும் அழுக்காகவில்லை.

"கிளியாக்கும் கொத்துதுன்னு நெனச்சேன்" என்று சொல்லிவிட்டுச் சிரிக்க ஆரம்பித்தார். அந்தப் பெரிய உடம்பு குலுங்கக் குலுங்கச் சிரித்தார். சேலைத் தலைப்பால் கண்ணைத் துடைத்துக்கொண்டு மகனிடம் சொன்னார்: "எலே, அந்த டப்பாவ அவுத்துப் போடு. கிளி இனி வீட்டுக்குள்ளயே வந்து இருக்கட்டு."

எல்லோரும் சிரித்தார்கள். அப்பாகூடச் சிரித்தார். கிளியை வீட்டுக்குள் விட்டால் மிச்சக் காயும் போய்விடுமே என்று எனக்குக் கவலை.

கிறிஸ்மஸ் முடிந்து கல்யாணம். அன்று ஒரு நாள் மட்டும் பூச்சு போடலாம் என்று மாமியாரே அனுமதி கொடுத்துவிட்டார். புறங்கையின் கடைசி வரியாக நான் பார்த்திருந்த அதே நிறத்தைச் சித்தி உதட்டில் போட்டுக்கொண்டாள். ஆலயத்தில் முன்வரிசையில், வீங்கினால் தடவுவதற்கென்று தேங்காய் எண்ணெய்ப் பாட்டிலை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்து, ஆராதனை முழுவதும் சித்தியின் மேலுதட்டையே பார்த்துக்கொண்டிருந்தேன். பாட்டு முடிந்தது, பிரசங்கம் முடிந்தது, தாலி கட்டி முடிந்தது. உதடு வீங்கவே இல்லை. போதகரின் ஜெபத்துக்கு இவ்வளவு சக்தியா என்று வியந்து, வீடு திரும்பும் வழியெல்லாம் அம்மாவிடம் அதையே சொன்னேன். அம்மா என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தாள். அந்தப் பார்வையும் எனக்குப் புரியவில்லை.

வங்கி மாப்பிள்ளை வந்த அன்று சித்தி கொண்டுவந்த லிப்ஸ்டிக், அடித்தட்டில் கிடந்த அந்தப் பச்சைப் பெட்டியிலிருந்து எடுத்தது. ஊரில் ஒருத்தருக்கும் விற்காமல் அவள் காத்துவைத்த பெட்டி. அன்று நானே அதை அவள் கையில் பார்த்தேன். சொறியுமே சித்தி, மறந்துட்டியா என்று கேட்கக்கூட வாயெடுத்தேன். அதற்குள் அவள் என் வாயில் ஒரு முந்திரிக்கொத்தைத் திணித்துவிட்டாள்.