கோணல் துண்டின் பரப்பு

எங்கள் வீட்டில் முதன்முதலாகப் பள்ளிக்கூடம் போனவள் நான். அந்தப் பெருமை ஒன்பதாம் வகுப்பில் உச்சத்தில் இருந்தது. மூன்று பக்கங்களின் அளவு தெரிந்தால் முக்கோணத்தின் பரப்பைச் சொல்லிவிடலாம் என்று அந்த வருடம்தான் கற்றுக்கொண்டேன். கண்ணில் பட்டதையெல்லாம் முக்கோணமாக வெட்டினேன், அம்மா சுட்ட தோசை உட்பட.

அப்போதுதான் பிச்சாட்டூர் பக்கம் இருந்த எங்கள் வேர்க்கடலைக் கொல்லையை நைனாவும் பெரியப்பாவும் பாகம் பிரித்தார்கள். அண்ணன் கோடு போட வேண்டும், தம்பி முதலில் எடுத்துக்கொள்ள வேண்டும் என்பது எங்கள் ஊர் வழக்கம். பெரியப்பா கயிறு பிடித்து முளை அடித்தார். இரண்டு துண்டும் நாற்பது மீட்டர் நீளம், முப்பது மீட்டர் அகலம். கிழக்குத் துண்டு செங்கோண மூலைகளோடு நேராக இருந்தது. மேற்குத் துண்டு யாரோ தோளைப் பிடித்துத் தள்ளியதுபோல ஒரு பக்கமாகச் சாய்ந்திருந்தது. நீளத்தை அகலத்தால் பெருக்குவதுதான் ஊர்க் கணக்கு. இரண்டும் சமம் என்று எல்லோரும் தலையாட்டினார்கள்.

நான் ஆட்டவில்லை. பள்ளியில் டேப் கேட்டு வாங்கிவந்து, அம்மாவை மறுமுனை பிடிக்கச் சொல்லி, குறுக்காக மூலைக்கு மூலை அளந்தேன். கிழக்கில் ஐம்பது மீட்டர், மேற்கில் ஐம்பத்தெட்டு. பெரியப்பா வரப்பில் நின்று வேடிக்கை பார்த்தார்.

"இன்னாமா, பூமிக்கு ஜாக்கெட் தைக்கப் போறியா?"

ஒவ்வொரு துண்டையும் இரண்டு முக்கோணமாக்கிக் கணக்குப் போட்டேன். மேற்குத் துண்டு ஏறக்குறைய இரண்டு சென்ட் குறைவு. நோட்டை எடுத்துக்கொண்டு நைனாவிடம் ஓடினேன். அவருக்கு எழுத்து தெரியாது. ஆனாலும் பக்கத்தை வெகுநேரம் பார்த்தார்.

"இன்னொரு தபா போடுமா."

போட்டேன், அதே விடை. மறுநாள் காலையில் டேப்பின் முனையைத் தானே பிடித்துக்கொண்டு மறுபடி அளக்கச் சொன்னார். மூன்றாம் முறையும் அதேதான். என் கணக்கின் மேல் இவ்வளவு சந்தேகமா என்று எனக்கு ஆத்திரமாக வந்தது.

அன்று பகல் பெரியவர்கள் கூடினார்கள். எல்லோரும் நைனாவைப் பார்த்தார்கள். நான் கிழக்குத் துண்டைப் பார்த்தேன்.

"எனக்கு மேக்கால இருக்கறத குடுண்ணா," என்றார் நைனா.

பெரியப்பாவுக்கே வியப்பு. "நேரா கீறத உட்டுட்டு கோணல எதுக்குடா புடிக்கிற?"

"கால்வா கிட்ட கீதுல்ல, அதான்."

கால்வாய் இரண்டு துண்டுக்கும் ஒரே தூரம். அதையும் நான் அளந்திருந்தேன்.

ஒரு வாரம் நைனாவோடு பேசவில்லை. பெண் பிள்ளை போட்ட கணக்கு என்பதால் நம்பவில்லை, நான் படித்த படிப்பு இரண்டு சென்ட்டுக்குக்கூட ஆகவில்லை என்று நினைத்து அழுதேன்.

இப்போது திருப்பதியில் ஒன்பதாம் வகுப்புக்கு அதே சூத்திரத்தை நடத்துகிறேன். விடை வந்த பிறகும் சரிபார்க்கச் சொன்னால் பிள்ளைகள் முகம் சுளிக்கும்போது நைனா நினைவுக்கு வருகிறார். அண்ணனுக்குத் தெரியாத ஒன்று தனக்குத் தெரிந்துவிட்ட பிறகு, பெரிய துண்டைக் கேட்க அவருக்கு வாய் வந்திருக்காது. சிறியது எது என்று மட்டும் அவருக்குத் தவறில்லாமல் தெரியவேண்டியிருந்தது. அதற்குத்தான் மூன்று முறை. என் கணக்கை அவ்வளவு முழுதாக நம்பி அதன்படி நடந்தவர் அதற்குப் பிறகு யாருமில்லை.